உடலியக்கத்தை அளந்த வரலாறு

துணியை முழத்தால் அளந்தவர்கள் நம் முன்னோர். கிணற்றின் ஆழத்தை ஆள் கணக்கில் சொன்னார்கள். பூச்சரத்தை முழம் போட்டு விற்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை. சாணும் முழமும் மனிதனுடைய கையிலிருந்து பிறந்த அளவைகள். இவ்வாறு உலகத்தை அளப்பதற்கு உடலைக் கருவியாகக் கொண்ட மனிதன், அந்த உடலே நோயால் தளர்ந்தபோது அதனை எதனால் அளப்பது என்று முறையாகக் கேட்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அந்தக் கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளுக்கு மேலாகக் கிடைத்து வந்துள்ள விடைகளை இப்போது வரிசையாக நோக்குவோம்.

நோயாளியைக் காண வருகிறவர், "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். "இப்போது தேவலை" என்று வீட்டார் சொல்வார்கள். அன்பின் பொருட்டு விசாரிப்பவருக்கு இந்த விடை போதும், மருத்துவருக்குப் போதாது. சென்ற மாதத்தைவிட இந்த மாதம் கை எவ்வளவு தேறியிருக்கிறது? அளித்து வரும் பயிற்சியால் பயன் உண்டா, அல்லது அதை மாற்ற வேண்டுமா? ஓர் ஊரில் சிகிச்சை பெற்றவர் வேறோர் ஊருக்குச் சென்றால், அங்குள்ள மருத்துவர் அவருடைய பழைய நிலையை எப்படி அறிவார்? இக்கேள்விகளுக்கு விடை காண வேண்டுமாயின், பார்ப்பவர் எவராயினும் ஒரே முடிவு வரத்தக்க ஓர் அளவை வேண்டும்.

இத்தகைய அளவையை நாடும்படி மருத்துவர்களை வற்புறுத்திய நோய்களுள் முதன்மையானது இளம்பிள்ளை வாதம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1894-ஆம் ஆண்டில் அந்நோய் கொள்ளை நோயாகப் பரவிற்று. 1914-இல் மறுபடியும் கடுமையாகத் தாக்கிற்று. நோயின் வேகம் தணிந்த பின்னரும் பல குழந்தைகளின் கைகால்கள் சூம்பி நின்றன. அக்குழந்தைகளுக்காக வெர்மான்டில் மருத்துவ முகாம்கள் நடத்தியவர் பாஸ்டன் நகரத்து எலும்பு மூட்டு மருத்துவரான ராபர்ட் லவெட். 1921-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு வந்திருப்பது இளம்பிள்ளை வாதமே என்று கண்டு சொன்னவரும் இவரே. லவெட்டின் உதவியாளராகப் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட் என்னும் அம்மையார் 1912-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், தசையின் வலிமையைச் சோதிக்க எளியதொரு வழியை எடுத்துரைத்தார்.

அந்த வழிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பூமியின் ஈர்ப்பு விசையே அதற்கு எடைக்கல். படுத்திருக்கும் குழந்தை தன் காலை மேலே தூக்க முடிந்தால், அத்தசை ஈர்ப்பை வெல்கிறது என்று பொருள். தூக்க இயலாவிடினும் படுக்கையின்மேல் பக்கவாட்டில் நகர்த்த முடிந்தால், ஈர்ப்பை வெல்லும் அளவுக்கு இல்லாத சிறு வலிமை அத்தசையில் உண்டு. தூக்கிய காலைச் சோதிப்பவர் கையால் அழுத்தியும் அது இறங்காமல் நின்றால், வலிமை அதனினும் மிகுதி. இந்த அடிப்படையிலேயே தரவரிசை வகுக்கப்பட்டது. லவெட்டுடன் சேர்ந்து ஹார்வர்டு உடலியல் அறிஞர் மார்ட்டின் என்பவர் வில் தராசு கொண்டு தசையின் இழுவிசையை எடையாகவே அளந்து பார்த்தார். அதுவும் பயன் தந்தது. எனினும் கருவி இல்லாத ஊரிலும் செய்யத்தக்க கைச்சோதனையே உலகெங்கும் பரவிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது நரம்பு அறுபட்ட வீரர்களைச் சோதிப்பதற்காக, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு இதனை 0 முதல் 5 வரையுள்ள எண்களாக ஒழுங்குபடுத்திற்று. 1943-இன் கையேட்டால் பரவிய இம்முறைப்படி, அசைவே இல்லையெனில் 0. தசையில் துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. ஈர்ப்பை நீக்கிய நிலையில் அசைந்தால் 2. ஈர்ப்பை எதிர்த்து அசைந்தால் 3. மேலும் ஓரளவு எதிர்விசையைத் தாங்கினால் 4. இயல்பான வலிமை 5. இன்றும் நம் நாட்டு மருத்துவமனைகளின் குறிப்பேடுகளில் காணப்படும் எண்கள் இவையே. இங்கு ஒன்றை நினைவில் கொள்வது நலம். 4 என்பது 2-ஐப்போல் இரு மடங்கு வலிமை அன்று. இவை படிகளின் பெயர்கள். படிகளின் உயரம் ஒன்றுபோல் இல்லை. நான்காம் படி மிக அகலமானது. அதில் நிற்கும் இருவருக்குள் ஒருவர் குடம் தூக்கலாம். மற்றவருக்குச் செம்பைத் தூக்குவதே பாடாயிருக்கலாம்.

தசைக்கு எண் கிடைத்தது போல மூட்டுக்குக் கோணம் கிடைத்தது. இரண்டு புயங்களும் நடுவில் பாகைமானியும் கொண்ட கோணமானி என்னும் கருவியை மூட்டின்மேல் பொருத்தி, முழங்கை எத்தனை பாகை மடங்குகிறது, முழங்கால் எத்தனை பாகை நீள்கிறது என்று படித்தறியலாம். முதல் உலகப் போரில் அங்கம் இழந்தோரும் மூட்டு விறைத்தோரும் பெருந்திரளாக வீடு திரும்பியபோது இத்தகைய அளவுகளின் தேவை பெருகிற்று. பாரிஸ் நகரில் ஜூல் அமார் என்னும் அறிஞர், உழைக்கும் மனித உடலை ஓர் இயந்திரத்தை ஆராய்வது போல ஆராய்ந்து, காயமுற்ற வீரர்களைத் தொழிலுக்குத் திருப்பும் முயற்சியில் ஈடுபட்டார்.

ஆனால் ஒரு குழப்பம் நேர்ந்தது. நேராக நீட்டிய முழங்கையைச் சிலர் 180 பாகை என்று எழுதினர். வேறு சிலர் அதே நிலையை 0 என்று எழுதினர். ஒருவர் ஏட்டை மற்றவர் படித்தால் பொருள் தலைகீழாயிற்று. நிமிர்ந்து நிற்கும் உடலின் இயல்பான நிலையையே 0 எனக் கொள்ளும் முறையை 1936-இல் கேவ், ராபர்ட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். 1965-இல் அமெரிக்க எலும்பு மூட்டு மருத்துவர் கழகம் இம்முறையைத் தழுவிக் கையேடு வெளியிட்ட பின்னர் இது நன்கு நிலைபெற்றது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் உடன்பாடு இல்லாவிடில் எண்ணால் பயன் இல்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

இதுகாறும் கண்டவை யாவும் உறுப்பின் அளவைகள். தசை தேறியது, மூட்டு மடங்கியது. அவ்வளவில் மனிதன் தேறிவிட்டானா? இரண்டாம் உலகப் போரின் இறுதியில் இக்கேள்வி வலுப்பெற்றது. நியூயார்க் நகரில் உடற்குறையுற்றோருக்கான நிலையம் ஒன்றில் பணியாற்றிய ஜார்ஜ் டீவர் என்னும் மருத்துவரும், மேரி எலினார் பிரவுன் என்னும் அம்மையாரும், 1945-இல் அன்றாட வாழ்க்கை உடலினிடம் எவற்றையெல்லாம் கேட்கிறது என்று பட்டியல் வகுத்தனர். படுக்கையில் புரளுதல், எழுந்து உட்காருதல், உடுத்தல், உண்ணல், நடத்தல், படியேறுதல் என்று அப்பட்டியல் விரிந்தது. தனித்தனித் தசையைப் பற்றிய கேள்வியோடு, மனிதன் தன் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறான் என்ற கேள்வியும் மருத்துவ ஏட்டில் இடம் பெறலாயிற்று.

கிளீவ்லாந்து நகரில் சிட்னி காட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், இடுப்பெலும்பு முறிந்த முதியோரையும் நாட்பட்ட நோயுற்றோரையும் தொடர்ந்து கவனித்து, 1963-இல் ஓர் அளவையை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பிடம் செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு இடம் பெயர்தல், மலசலம் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களில் பிறர் உதவி தேவையா இல்லையா என்பதே அதன் கேள்வி. நோயாளிகள் இத்திறன்களைத் திரும்பப் பெறும்போது உண்ணுதல் போன்றவை முன்னும், உடுத்தல், குளித்தல் ஆகியவை பின்னும் வருவதைக் காட்ஸ் கண்டார். குழந்தை வளரும்போது திறன்களை அடையும் வரிசையை இஃது ஒத்திருப்பதையும் அவர் சுட்டினார்.

1965-இல் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் மகோனி என்னும் மருத்துவரும், டாரதியா பார்த்தெல் என்னும் இயன்முறைச் சிகிச்சையாளரும் வெளியிட்ட அளவை இதனினும் புகழ் பெற்றது. பத்துச் செயல்கள், மொத்தம் 100 புள்ளிகள். இடம் பெயர்தலுக்கும் நடத்தலுக்கும் பதினைந்து பதினைந்து. குளித்தலுக்கும் முகம் கழுவித் தலை வாருதலுக்கும் ஐந்து ஐந்து. உண்ணுதல், உடுத்தல், படியேறுதல் முதலிய மற்ற ஆறுக்கும் பத்துப் பத்து. பக்கவாதம் கண்டவர் மருத்துவமனையில் சேரும்போது 30, வீடு திரும்பும்போது 75 என்று எழுதினால், இரண்டு மாத உழைப்பின் பயன் ஒரே வரியில் தெரிந்துவிடும்.

இங்கேதான் அளவையின் பயனும் அதன் ஆபத்தும் ஒருங்கே தோன்றுகின்றன. 100 புள்ளி பெற்றவர் தனியே வாழ வல்லவர் என்று கொள்ளலாகாது என இவ்வளவையை வகுத்தவர்களே எச்சரித்தனர். அவரால் சமைக்கவோ, வீட்டை நடத்தவோ, வெளியே சென்று பிறரோடு பழகவோ இயலாமற் போகலாம்; உடனிருந்து பணி செய்யும் ஆள் தேவையில்லை என்பது மட்டுமே அந்த எண்ணின் பொருள். மேலும், கூட்டுத் தொகை ஒன்றாயிருப்பதால் வாழ்வும் ஒன்றாகிவிடாது. படியேற இயலாத ஒருவருக்கும், சிறுநீரை அடக்க இயலாத ஒருவருக்கும் பத்துப் புள்ளியே குறையும், இருவருக்கும் 90. முன்னவர் தரைத்தளத்து வீட்டில் வசித்தால் அக்குறை அவரை அவ்வளவாக வருத்தாது. பம்பாயிலோ தில்லியிலோ மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வசித்தால், அதே குறை அவரை வீட்டிலேயே சிறைப்படுத்திவிடும். பின்னவரோ எந்த வீட்டில் வசித்தாலும் நான்கு பேர் கூடும் இடத்துக்குச் செல்லத் தயங்குவார். எண் ஒன்று, இன்னல் மூன்று வகை.

1980-களில் அமெரிக்க அறிஞர்கள் பதினெட்டுச் செயல்களைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பிடும் விரிவான அளவையை உருவாக்கினர். உதவியின் அளவை இது நுணுக்கமாகப் பிரித்துக் காட்டிற்று. பேச்சைப் புரிந்துகொள்ளுதல், நினைவு வைத்தல் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. ஆயினும் பட்டியலில் இல்லாத செயலைப் பற்றி எந்த அளவையும் வாய் திறவாது என்னும் நியதி மாறவில்லை.

இவ்வுண்மை நம் நாட்டில் எவ்வாறு விளங்கிற்று என்பதைக் காண்போம். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளைக் கண்டு உள்ளம் உருகினார். அந்நோயில் கையின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகள் பழுதுபடுகின்றன. முழங்கையின் கீழுள்ள சில தசைகள் நலமாகவே இருக்கின்றன. நலமான தசையின் நாணை விரலுக்கு மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும். 1948 முதல் அவர் இவ்வகை அறுவைகளைச் செய்யலானார். கோணமானி கொண்டு பார்த்தால் வெற்றியே. ஆனால் கை நேராகித் திரும்பியவர்களுக்கு எவரும் வேலை தரவில்லை. முன்னர் மடங்கிய கையைக் கண்டு இரங்கிக் காசிட்டவர்களும், கை நலமாகிய பின் இடவில்லை. எனவே அவர்களுக்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்க நவ ஜீவ நிலையம் என்னும் குடியிருப்பு வேலூரில் எழுந்தது. விரல் நிமிர்ந்த பாகையைக் கோணமானி சொல்லும். அந்த விரலால் அவன் பிழைக்க முடிகிறதா என்பதை அது சொல்லாது.

அதே கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் முதுகுத் தண்டு முறிந்து, இடுப்பின் கீழ் உணர்வும் இயக்கமும் இழந்தார். தசைச் சோதனையின் ஏட்டில் அவர் கால்களுக்கு உரியது 0. ஆயினும் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்னர் ஆஸ்திரேலியாவில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்தில் அத்துறையைப் பயின்று, வேலூருக்குத் திரும்பி, அதற்கெனத் தனித்துறையை நடத்தினார். நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் அங்கு திறக்கப்பெற்றது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. கேரளத்தில் பிறந்து, தமிழ்நாட்டில் பணியாற்றி, இந்தியா முழுவதிலுமிருந்து வந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தவர் அவர்.

வடக்கே ஜெய்ப்பூரில் வேறொரு பாடம் கிடைத்தது. மேல்நாட்டார் செய்த செயற்கைப் பாதம் காலணிக்குள் நுழைத்து, சமமான தரையில் நடந்து, நாற்காலியில் உட்காருவோருக்கு ஏற்றது. நம் உழவன் வெறுங்காலுடன் வரப்பில் நடக்கிறான், குந்தி உட்காருகிறான், சம்மணமிட்டு உண்கிறான். மேல்நாட்டுச் சோதனையில் தேறிய பாதம் அவன் வாழ்வில் தேறவில்லை. சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும், மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968-இல் ரப்பரைக் கொண்டு அமைத்த பாதம் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுத்தது. செருப்பின்றியும் நடக்க உதவிற்று. அதன் சிறப்பு, குந்த முடிகிறதா, தரையிலிருந்து எழ முடிகிறதா என்ற நம் நாட்டுக் கேள்விகளைக் கேட்டதில் இருக்கிறது. அக்கேள்விகள் பார்த்தெல் அம்மையாரின் பத்தில் இல்லை. அவர் நாட்டில் அவை எழவில்லை, அவ்வளவே.

பிற்காலத்து அளவைகள் கடிகாரத்தைத் துணைக்கொண்டன. முதியவர் கைப்பிடி நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் சோதனையை 1991-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தவர் இருவர் வெளியிட்டனர். 20 விநாடிக்குள் முடிப்பவர் பெரும்பாலும் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்கிறார் என்றும், 30 விநாடிக்கு மேல் ஆகிறவருக்குத் துணை தேவைப்படுகிறது என்றும் கண்டனர். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் சோதனையும் 1982 முதல் வழங்கி வருகிறது. இதனைப் பற்றி 1984-இல் கனடாவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று நாம் அனைவரும் அறியத்தக்கது. "நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் நடங்கள்" என்று இடையிடையே ஊக்கச் சொல் கேட்ட நோயாளிகள், கேளாத நிலையில் நடந்ததைவிடக் கூடுதல் தூரம் நடந்தனர். ஆகவே என்ன சொல் சொல்வது, எப்போது சொல்வது என்பதையும் சோதனையின் விதியாகவே வகுத்தனர்.

சொல்லுக்கு இத்துணை ஆற்றல் உண்டெனில், புரியாத மொழியில் சொல்லப்படும் சொல்லின் நிலை யாது? மகனுடன் வசிப்பதற்காகத் தஞ்சையிலிருந்து நாகபுரிக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் பக்கவாதத்துக்குப் பின் இச்சோதனைக்கு உட்படுவதாகக் கொள்வோம். எழுந்து நடக்குமாறு இந்தியில் சொன்னால் அவர் தயங்குவார். அத்தயக்கம் காலின் தளர்ச்சியாலா, மூளையின் பழுதாலா, மொழி புரியாமையாலா என்பதைக் கடிகாரம் பிரித்தறியாது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் முதியோரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கால், சோதனையின்போது உடன் நின்று, சொல்லப்பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் எடுத்துரைப்பது பேருதவியாகும். பதிலை நாம் சொல்லிவிடலாகாது. நடையையும் நாம் தாங்கலாகாது. அது போலவே, வீட்டில் அவர் தரையில் அமர்ந்து உண்பவரா, எத்தனை படி ஏற வேண்டும், கழிப்பிடம் எவ்வகையானது என்பவற்றைச் சிகிச்சையாளரிடம் தெரிவிக்க வேண்டும். பட்டியல் கேட்காதவற்றை நாம்தான் சொல்ல வேண்டும்.

2001-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாகுபாடு இந்த நூற்றாண்டு அனுபவத்தைத் தொகுத்துரைக்கிறது எனலாம். உடலுறுப்பின் நிலை, மனிதன் செய்யும் செயல், சமுதாயத்தில் அவன் பெறும் பங்கு ஆகிய மூன்றையும் அது தனித்தனியே நோக்குகிறது. சோதனை அறையில் செய்ய வல்லதையும், தன் சூழலில் உண்மையாகச் செய்வதையும் வேறுபடுத்துகிறது. மாடிப்படியும் பேருந்தின் உயர்ந்த படிக்கட்டும் அதன் கண்ணில் மனிதனுடைய குறையின் ஒரு பகுதியே.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த அளவைகள் குடிகொண்டிருக்கின்றன. கைகால் இயக்கக் குறைக்குச் சான்றிதழ் தரும் மருத்துவர், மூட்டின் அசைவையும் தசையின் வலிமையையும் ஒருங்கிணைந்த இயக்கத்தையும் மதிப்பிட்டு விழுக்காடாகக் கூட்டுகிறார். லவெட்டின் முகாமில் வளர்ந்த எண்ணும், கோணமானியின் பாகையும் அந்தத் தாளில் இன்றும் உயிரோடிருக்கின்றன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் சட்டம் வகுத்த பல உரிமைகள் கிட்டும். 39 எனில் கிட்டா. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைகளை ஏற்கிறது. அதன்படி வழங்கும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். மாநில அரசுகள் தரும் சலுகைகள் அந்தந்த மாநில விதிகளுக்கு உட்பட்டவையே எனினும், மதுரையில் பெற்ற சான்றிதழ் கொல்கத்தாவில் செல்லாது என்று எவரும் சொல்ல இயலாது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இஃது அறிய வேண்டிய செய்தி.

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு நம் நாட்டில் உடற்குறை உடையோர் 2 கோடியே 68 இலட்சம் பேர் என்று கூறிற்று. அவர்களுள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் எழுதப்படலாம். அந்த எண் சிகிச்சையைத் தொடரவும், உதவியைப் பெறவும், உரிமையைக் கேட்கவும் கருவியாகும்; ஆகையால் அதைச் சரியாக அளப்பது கடமை. அதனால் அறிய முடியாதவற்றை அவரிடமே கேட்டு அறிவதும் அதற்குக் குறையாத கடமை. இன்று உங்களால் செய்ய இயலாதவற்றுள் எதை மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு நோயாளியைக் கேட்டுப் பார்த்தால், கோவிலுக்கு நடந்து போக வேண்டும் என்பார் ஒருவர். பேரக் குழந்தையைத் தூக்க வேண்டும் என்பார் மற்றொருவர். சிகிச்சையின் இலக்கை அங்கிருந்து தொடங்குவதே முறை. கோணமானியும் கடிகாரமும் அந்த இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லி உதவும்.